லேசா அசைஞ்சுது

அநியாயம் நடந்தது யோகராணிக்கு, அக்கா. எனக்கு இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் பேசுகிற வேகத்தைப் பார்த்து எனக்குத்தான் ஏதோ நடந்துவிட்டதென்று நினைத்துக்கொள்வீர்கள். நிறையப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள். நகராத பந்தை நகர்ந்தது என்று எழுதி, அவளுக்கு இரண்டு அடி தண்டனை போட்டு, அவளுக்கு வரவேண்டிய இடத்தை இன்னொருத்திக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு வார்த்தையால்.

அந்த இன்னொருத்தி நான்தான். சொல்கிறேன், இருங்கள்.

நீங்கள் இந்தப் பையைப் பற்றித்தானே கேட்டீர்கள்? நாதஸ்வரம் இல்லை. துப்பாக்கியும் இல்லை, மேட்டுப்பாளையம் ஸ்டாண்டில் ஒரு போலீஸ்காரர் அதையும் கேட்டுவிட்டார். கோல்ஃப் மட்டைகள். எங்கள் யூனிவர்சிட்டியுடையது. தென்மண்டலப் போட்டிக்கு யூனிவர்சிட்டி ஒரே ஒரு பெண்ணைத்தான் அனுப்பும். அந்த இடம் யாருக்கோ இந்தப் பையும் அவளுக்கு. ஒரு வருஷமாக என் ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. இப்போது கோத்தகிரிக்குக் கொண்டுபோய் அவள் கையில் கொடுக்கப் போகிறேன். யாரையாவது அனுப்பியிருக்கலாம். நானே கொண்டுபோவதுதான் முறை என்று தோன்றியது. அவளுக்கு எப்படித் தோன்றுமோ தெரியாது.

கோல்ஃப் சுலபமான ஆட்டம், அக்கா. பதினெட்டுக் குழி. யார் குறைந்த அடியில் எல்லாக் குழியிலும் பந்தைப் போடுகிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். கஷ்டம் எங்கே என்றால், பந்தை யாரும் உங்களை நோக்கி எறிவதில்லை. அது பாட்டுக்குக் கிடக்கும். உங்களுக்கு யோசிக்க நிறைய நேரம் இருக்கும். யோசிக்கிறவர்கள் கெட்டார்கள். இன்னொன்று, அம்பயர் கூடவே வருவதில்லை. நீங்கள் தப்புச் செய்தால் நீங்களேதான் கைதூக்கிச் சொல்லவேண்டும். உங்கள் அடிகளைக் கூட ஆடுகிறவள் அட்டையில் எழுதுவாள், அவளுடையதை நீங்கள் எழுதுவீர்கள். முழுக்க முழுக்க நம்பிக்கையில் ஓடுகிற ஆட்டம். பணக்காரர்கள் ஆட்டம் என்று திட்டுவார்கள். நானே மேடையில் திட்டியிருக்கிறேன். ஆனால் இந்த ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கும். பிடித்தது.

யோகராணியின் அம்மா கோத்தகிரிப் பக்கம் மலையில் இருக்கிற கோல்ஃப் மைதானத்தில் பை தூக்குகிறவர். ஆடுகிறவர்களுக்குப் பின்னால் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்களுக்கு அங்கே கேடி என்று பெயர். அந்த அம்மா அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். "ஸ்டேசன்ல போட்டோ ஒட்டற கேடி இல்ல பாப்பா, பை தூக்கற கேடி." திங்கட்கிழமை மெம்பர்கள் வரமாட்டார்கள், அன்றைக்கு வேலைக்காரர்கள் ஆடிக்கொள்ளலாம். அப்படி ஆடி, யாரோ வீசிப்போட்ட மட்டைகளை வைத்துக்கொண்டு கற்றவள் யோகராணி. கோத்தகிரிப் பக்கம் அரசுக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு. நான் கோயமுத்தூர். அப்பா கிளப் மெம்பர், எனக்குப் பத்து வயதிலிருந்தே கோச் உண்டு. அரசியல் அறிவியல் எம்.ஏ. படிக்கிறேன். நான் அவளை எப்போதும் சமமாகத்தான் நடத்தினேன். என்னுடைய பழைய கையுறையைக்கூடக் கொடுத்திருக்கிறேன். அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மதுவந்தி என்பது வாயில் நுழையாத பெயரா? ஆனால் அவளுக்கு நான் வக்கீலு. எதற்கெடுத்தாலும் வாதம் பண்ணுகிறேனாம்.

அவளுக்கு அந்த இடம் ஏன் முக்கியம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தென்மண்டலம் ஆடின சான்றிதழ் இருந்தால் உடற்கல்வி ஆசிரியர் படிப்பில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இடம் கிடைக்கும். அவளுக்கு வேறு வழி இல்லை. எனக்கு அந்தச் சான்றிதழ் அலமாரியில் வைக்க.

போன வருஷம் ஜூலையில் தேர்வுப் போட்டி. பதினாறு குழி முடிந்தபோது கணக்கில் அவளுக்கு என்னைவிட ஓர் அடி குறைவு, அதாவது ஓர் அடி முன்னால் இருந்தாள். பதினேழாவது குழிக்குப் பக்கத்தில் ஒரு சரிவு, அதில் நீளப் புல். அவள் பந்து புல்லின் மேல் யாரோ தூக்கி வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தாள். அடித்தாள். பந்து குழிக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றது. அழகான அடி. நான் பொறாமைப்பட்டேன், அதை மறைக்கவில்லை. அப்புறம் அவளாகவே என்னிடம் வந்தாள்.

"வக்கீலு, மட்டைய வெச்சப்போ பந்து அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. எதுக்கும் கேட்டுடலாம்."

நானாக வாயைத் திறக்கவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கைதூக்கியது அவள்தான்.

நடுவர் ஒரு கர்னல். வடக்கே எங்கிருந்தோ வந்தவர், தமிழ் ஒரு சொல் தெரியாது. யோகராணிக்கு ஆங்கிலம் பேச வராது. வராது என்றுதான் நான் நினைத்திருந்தேன். நான் மொழிபெயர்க்கிறேன் என்று முன்னால் போனேன். பந்து மூவ் ஆனதா என்று கேள் என்றார். பந்து அசைஞ்சுதான்னு கேக்கறார் என்றேன். லேசா அசைஞ்சுது என்றாள். கொஞ்சம் மூவ்டு என்கிறாள் என்று அவரிடம் சொன்னேன். அவ்வளவுதான். பந்து இடம் மாறியிருந்தால் பழைய இடத்தில் வைத்துவிட்டுத்தான் அடிக்கவேண்டும், வைக்காமல் அடித்ததற்கு இரண்டு அடி தண்டனை என்று விரலைக் காட்டினார். ஓர் அடி முன்னால் இருந்தவள் ஓர் அடி பின்னால் போனாள். கடைசிக் குழியில் இரண்டு பேரும் அடித்தது ஒரே எண்ணிக்கை, அந்த ஓர் அடி அப்படியே நின்றது. நான் ஜெயித்தேன்.

இப்போது சொல்லுங்கள், நான் தப்பாகவா மொழிபெயர்த்தேன்? விதி என்ன சொல்கிறது என்றால், பந்து இருந்த இடத்தை விட்டு வேறோர் இடத்தில் போய் நின்றால்தான் மூவ்டு. இருந்த இடத்திலேயே ஆடி இருந்த இடத்திலேயே நின்றால் குற்றமே கிடையாது. சரி. தமிழில் அசைவது என்றால் இதில் எது? இந்தப் பஸ்ஸையே பாருங்கள். லாரி இறங்குகிறவரை வளைவில் ஒதுங்கி நிற்கிறது. இஞ்சின் ஓடுகிறது. உங்கள் கூடையில் தக்காளிகூட அசைகிறது. பஸ் அசைகிறதா? அசைகிறது. நகர்கிறதா? இல்லை. அதே பஸ், டிரைவர் கியர் போட்டுக் கிளப்பினால் அதற்கும் அசைந்தது என்றுதான் சொல்லுவோம். ஒரே வார்த்தைக்கு இரண்டு வேலை. அந்த வார்த்தையை நானா கண்டுபிடித்தேன்? தமிழ்நாட்டில் தமிழ்ப் பெண்கள் ஆடுகிற போட்டிக்குத் தமிழ் தெரியாத நடுவரைப் போட்டது யார் குற்றம்?

இதைத்தான் மனுவாக எழுதினேன். ஏழு பக்கம். மாணவர் கூட்டத்தில் படித்தேன், கைதட்டினார்கள். ஜெயித்தவளே தோற்றவளுக்காகப் பேசுகிறாள் பாருங்கள் என்று ஒரு பேராசிரியர் நெகிழ்ந்துபோனார். துணைவேந்தர் அலுவலகம் வரை போனது. இந்த வருஷத்திலிருந்து தமிழ் தெரிந்த நடுவர் கட்டாயம் என்று உத்தரவே போட்டுவிட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனு அது.

யோகராணிக்கு என்ன ஆனது என்று கேட்கிறீர்கள். அவளால் பந்தை அடிக்க முடியாமல் போய்விட்டது.

கை காலில் ஒன்றுமில்லை. மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைப்பாள், உடனே எடுத்துவிடுவாள். இரண்டு அடி தள்ளிப் போவாள். திரும்பி வருவாள். குனிந்து பார்ப்பாள். மறுபடி எடுத்துவிடுவாள். ஆகஸ்டில் கல்லூரிகளுக்கு இடையே ஒரு போட்டி. ஒரு பந்துக்கு முன்னால் நாலு நிமிஷம் நின்றாள். பின்னால் வந்த குழுவில் ஒருத்தி, அங்கேயே குடித்தனம் வைக்கப் போறியா என்று கத்தினாள். ஒன்பது குழி முடிவதற்குள் அட்டையைக் கையெழுத்துப் போடாமலே கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அம்மாவோடு சேர்ந்து மைதானத்தில் புல் வெட்டப் போனாள். எந்தப் பந்தைப் பார்த்தாலும் அசைகிற மாதிரியே இருக்கிறதாம். "கண்ணு நிக்க மாட்டேங்குது" என்று அவள் அம்மாவிடம் சொன்னாளாம். அந்த அம்மா கண் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

நான் சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமை தவறாமல் இதே பஸ்ஸில் போனேன். மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். உலகத்தில் பெரிய ஆட்டக்காரர்களுக்கெல்லாம் இந்த மாதிரி வந்திருக்கிறது என்று வீடியோ காட்டினேன். தன்னம்பிக்கை பற்றி நூலகத்திலிருந்து இரண்டு புத்தகம் எடுத்துப்போனேன். உன்னை நம்பு, உன்னை நம்பு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அவள் புல் வெட்டுகிற கத்தரியைத் தீட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். அம்மா டீ கொடுப்பார்கள். குற்ற உணர்ச்சி தூக்கத்தைக் கெடுக்கும் என்பார்கள், அக்கா. எனக்குக் கெடுக்கவில்லை. நன்றாகத் தூங்கினேன், நன்றாக ஆடினேன், தென்மண்டலத்தில் ஆறாவதாக வந்தேன். ஹாஸ்டலில் யாராவது, இந்த ஃபேன் அசையவே மாட்டேங்குதுடி என்று சொன்னால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவேன். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை. நான் என் மனுவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன், ஐந்தாவது பக்கமோ என்னவோ. அவள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"நீ அந்தாளுகிட்ட மூவ்டுன்னு சொன்ன. எனக்குக் காது கேக்கும், வக்கீலு."

மனுவை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"எங்கம்மா என்னைய இடுப்புல வெச்சுக்கிட்டே பை தூக்கினவங்க. மூவ்டு, பெனால்டி, லாஸ்ட் பால், இதெல்லாம் எனக்கு அம்மான்னு சொல்றதுக்கு முன்னாடி தெரியும்."

அப்போ ஏன் அங்கேயே சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டதா? சண்டைக்குப் போனேன். அது உன் உரிமை, வாயைத் திறக்காதது உன் தப்பு என்றெல்லாம். அவள் பொறுமையாகச் சொன்னாள்.

"நீ எதுத்தாப்புல நின்ன. நான் குனிஞ்சிருந்தேன். எனக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். அன்னிக்கு என் கண்ண விட்டுட்டு உன் வாய நம்பினேன். அதுலருந்து அந்தக் கண்ணு எனக்கு வேலை செய்ய மாட்டேங்குது. சொல்லு, நீ பாத்தியா? பந்து எடம் மாறுச்சா?"

எனக்குச் சரியா ஞாபகம் இல்லை என்றேன். சொல்லிவிட்டு விதிகளைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். அவள் மறுபடி கத்தரியை எடுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் டீ வரவில்லை. வராததை அடுத்த சனிக்கிழமைதான் கவனித்தேன்.

அட, லாரி போய்விட்டது. கிளப்புகிறார். பின் சீட்டில் அந்தப் பெரியவர் சொன்னது கேட்டதா? அப்பாடா, அசைஞ்சுதுப்பா என்கிறார். நான் சொல்லவில்லை?

இல்லை. பழியையெல்லாம் அந்த வார்த்தைமேல் நான் தூக்கி வைத்துப் பேசியது போதும். கொஞ்சம் முன்னால் நான் உங்களிடம் சொன்னதில் ஒரு துண்டு இல்லை, அக்கா. அன்றைக்குக் கர்னலிடம் எதைச் சொல்லாமல் விட்டேனோ அதையே உங்களிடமும் விட்டுவிட்டேன். பழக்கமாகிவிட்டது போல. யோகராணி சொன்னது, லேசா அசைஞ்சுது என்று மட்டும் இல்லை. "லேசா அசைஞ்சுது, ஆனா அங்கதான் இருந்துச்சு" என்றாள். முழு வாக்கியம். அதில் ஒரு குழப்பமும் இல்லை, எந்த மொழிக்காரருக்கும் புரியும். முன்பாதியை மட்டும் நான் ஆங்கிலமாக்கினேன். கர்னல் இவ்வளவுதானா என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஏழு பக்க மனுவில் அந்தப் பின்பாதி எங்கேயும் வராது. வராதபடிக்கு எழுதினேன், அதனால்தான் அது நல்ல மனு.

இந்த வருஷம் தேர்வுப் போட்டிக்கு அவள் பெயரை அவளைக் கேட்காமலே நான் கொடுத்துவிட்டேன். நல்லெண்ணம்தான். வந்தாள். பேர் போட்டாச்சு, போகலைன்னா ஓடிட்டான்னு பேசுவாங்க என்று அவள் அம்மா அனுப்பி வைத்தார்களாம். அம்மாவேதான் பை தூக்கினார்கள். சீட்டுக் குலுக்கியதில் எங்கள் இரண்டு பேரையும் ஒரே குழுவில் போட்டிருந்தார்கள். நடுவர் விசாலாட்சி மேடம், திருநெல்வேலிக்காரர். என் மனுவால் வந்தவர்.

யோகராணி ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். மட்டையைத் தரையில் வைப்பதே இல்லை. பந்துக்குப் பின்னால் காற்றிலேயே தூக்கிப் பிடித்து அப்படியே அடிப்பாள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், பாம்பை அடிக்கிற மாதிரி. ஆனால் அடித்தாள். நாலாவது குழியிலிருந்து அவள் தோள் இறங்கியது. பத்தாவது குழியில் அவள் அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்ததைக் கேட்டேன். பதினாறு முடிந்தபோது சமம். என்ன அநியாயம் பாருங்கள், பதினேழில் அவள் பந்து அதே சரிவில், அதே நீளப் புல்லில் போய் உட்கார்ந்தது.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவள்தான் ஜெயித்தாள், இரண்டு அடியில். பை உங்கள் காலுக்குப் பக்கத்தில் இருக்கிறதே. அங்கே நான் பேசியதை விசாலாட்சி மேடம் தன் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டார். விசாரணை வைத்தார்கள். என்னை ஒரு வருஷம் ஆடக்கூடாது என்று தள்ளிவைத்திருக்கிறார்கள். அந்த உத்தரவில் ஓட்டை இருக்கிறது. என்னிடம் விளக்கம் கேட்க ஏழு நாள் கொடுத்திருக்கவேண்டும், மூன்று நாள்தான் கொடுத்தார்கள். மேல்முறையீடு செய்தால் நிற்காது. செய்யமாட்டேன். செய்யமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பேராசிரியர் இப்போது என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். அப்பா, இதை நீ எதுக்கு இப்போ சொல்லணும், ஒரு வருஷம் கழிச்சு யார் கேட்டாங்க என்றார்.

யோகராணிதான் கேட்டாள், அப்பா. அவள் நவம்பரிலேயே கேட்டுவிட்டாள்.

அந்தச் சரிவில் நான் எதிரே நின்றேன், போன வருஷம் நின்ற அதே இடத்தில். மேடம் பத்தடி தள்ளி. யோகராணி மட்டையைக் காற்றில் பிடித்தாள். சரிவு அல்லவா, புல் உயரம். மட்டையின் அடி புல்நுனியில் பட்டது. பந்து ஆடியது. ஒரு தடவை, தலையாட்டுகிற மாதிரி. அவள் அப்படியே உறைந்தாள். மேடம் கிட்டே வந்து, பந்து நகர்ந்ததாம்மா என்று கேட்டார். யோகராணி மேடத்துக்குப் பதில் சொல்லவில்லை. தலையைத் தூக்காமல், பந்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், என்னைத்தான் கேட்டாள்.

"வக்கீலு. அசைஞ்சுதா?"

பார்த்துவிட்டேன், பதில் தயார். நான் கொடுக்கப்போகிற பெரிய பரிசு அது என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. நகரல, அங்கேயேதான் இருக்கு, நீ தைரியமா அடி என்றேன். உன்னை நம்பு என்றும் சேர்த்துக்கொண்டேன், வெட்கமில்லாமல்.

அவள் அடிக்கவில்லை. மட்டையை இறக்கினாள். இறக்கி, தரையில் வைத்தாள் அக்கா, பந்துக்குச் சரியாகப் பின்னால், ஒரு வருஷமாக வைக்காத இடத்தில். அவள் அம்மா பையைத் தோளிலிருந்து இறக்கினார்கள். அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னிக்குப் பந்து எங்க இருக்குன்னு எனக்கே தெரியுது. என் கண்ணு இருக்கு. நான் கேட்டது போன வருசத்துப் பந்த."

மேடம் நோட்டைத் திறந்தார். எனக்கு எவ்வளவோ வாதம் இருந்தது. ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம், கர்னல், குழு, யூனிவர்சிட்டி, ஏழு பக்கம். ஒன்றும் வாயில் வரவில்லை. அவள் வாக்கியம்தான் வந்தது, இந்தத் தடவை இரண்டு பாதியும்.

"லேசா அசைஞ்சுது. ஆனா அங்கதான் இருந்துச்சு. நான் பாத்தேன்."